ஓடுனான்னு பாடு

சாவுக்குப் பாட மூவாயிரம்.
வெட்டுப்பட்ட சாவு என்றால் ஐயாயிரம்,
எதிராளியின் பெயரும் பாட்டில் வரவேண்டும் என்பதால்.

கூட்ஸ் யார்டுக்கு இந்தப் பக்கம் நாங்கள்,
கால்வாய்க்கு அந்தப் பக்கம் அவர்கள்.
நடுவில் கறுப்புத் தண்ணீர், மேலே தெர்மாகோல்.
கொருக்குப்பேட்டையில் இரண்டு கரைக்கும் பாடியவன் நான்.
போன வருஷம் அந்தக் கரைக்கு ஒரு வரி கட்டிக்கொடுத்தேன்:
பாலத்தைத் தாண்டினால் பாடை.
மீன்பாடி வண்டிமேல் ஏறி நின்று கத்தினார்கள்.
போனில் வைத்துக்கொண்டார்கள்.
எனக்கும் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது,
பொய் சொல்வானேன்.

பிலவேந்திரன் பாலத்தைத் தாண்டினான்.
ரோஷத்துக்கா, ஒரு பெண்ணுக்கா,
கொடுத்த எழுநூறு ரூபாயைத் திருப்பிக் கேட்கவா,
யாருக்கும் தெரியவில்லை.

விடிவதற்குள் ஃப்ளெக்ஸ் வந்துவிட்டது.
கூலிங்கிளாஸ் போட்ட பிலவேந்திரன்,
பின்னால் கம்ப்யூட்டர் செய்த சிங்கம்,
கீழே கொட்டை எழுத்தில்
மார்பில் ஏந்திய மாவீரன்.
அந்தக் காலத்தில் கல் நட்டார்களாம்.
எங்களுக்கு நாலு சவுக்குக் கழி, கொஞ்சம் கட்டுக்கம்பி.

ஐஸ்பெட்டிக்கு அந்தாண்டை, ஆட்டோ மறைவில்
அமலோற்பவம் என்னைக் கூப்பிட்டாள்.
மடியிலிருந்து ஒரு தாள் எடுத்தாள்.
ஸ்டான்லியில் கொடுத்தது, எட்டாக மடித்தது.
"மார்ச்சுவரிக்காரர் படிச்சுச் சொன்னாரு.
முதுகுல அஞ்சு. முன்னால ஒண்ணும் இல்ல."

மறைத்துப் பாடச் சொல்வாள் என்று நினைத்தேன்.
முதுகில் காயம் என்றால்
பெற்றவள் என்ன செய்வாள் என்று
பழைய கதைகள் எனக்கும் தெரியும்.

"ஓடுனான்னு பாடு" என்றாள்.
"அஞ்சாங்கிளாஸ்ல ஓட்டப்பந்தயத்துல
குண்டான் வாங்கியாந்தான்பா.
இன்னிக்கும் அதுலதான் சோறு பொங்குறேன்.
செருப்பு ஒண்ணு பாலத்துல கெடந்துச்சு,
இன்னொண்ணு யார்டு கேட்டாண்ட.
அவ்ளோ தூரம் வந்துட்டான் பாரு.
வூட்டுப் பக்கமாத்தான் ஓடியாந்திருக்கான்."

அவனுங்க பேரு, என்று இழுத்தேன்.

"வேணாம். பேரைச் சொன்னா
அவனுங்களும் பாட்டுல பூந்துடுவானுங்க.
எம்புள்ள சாவுல அவனுங்களுக்கு எதுக்கு எடம்?"

ராத்திரி பதினொன்றரைக்கு மைக் கொடுத்தார்கள்.
சிவப்புத் துணி கட்டிய பையன்கள் முன்வரிசையில்.
நாளைக்குப் போகவேண்டிய இடத்துக்கு
இன்றைக்கே அவர்கள் கண்ணில் வழி தெரிந்தது.
என் வாயிலிருந்து ஒரு பெயர் விழுந்தால் போதும்.

ஓடினான் என்று பாடினேன்.

முதலில் காதில் விழாதது மாதிரி இருந்தார்கள்.
இரண்டாம் முறை ஒரு நாற்காலி விழுந்தது.
டோலக் சையது என்னைப் பார்த்தான்,
பிறகு விரலை வேகப்படுத்தினான்,
வெறுங்கால் சரளைக்கல்லில் அடிக்கிற வேகம்.
குண்டானைப் பாடினேன்.
எலிக்கு அவன் பயப்படுவதைப் பாடினேன்.
ஒரு செருப்பைப் பாடினேன், மற்றதைப் பாடினேன்.
யாரோ மைக் ஒயரைப் பிடுங்கினார்கள்.
அந்த அமைதியில்
எங்கள் கூட்டத்துக்குள்ளேயே ஒரு போன் அடித்தது,
பாலத்தைத் தாண்டினால்,
என் குரல், என் வரி, ஜிகுஜிகு என்று.
எடுத்து அணைப்பதற்குள் முழுசாய் ஒரு சுற்று வந்துவிட்டது.

மைக் இல்லாமல் மீதியை முடித்தேன்.
பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள்.
எங்கே என்று நான் கேட்கவில்லை.

அமலோற்பவம் எண்ணி மூவாயிரம் கொடுத்தாள்.
பெயர் இல்லாத பாட்டுக்கு அதுதான் கணக்கு.

பொட்டலம் கட்டிய டோலக்கைத் தூக்கும்போது
சிவப்புத் துணிப் பையன் ஒருவன் கிட்டே வந்தான்.
அடிப்பான் என்று தோள் தானாகச் சுருங்கியது.
"அண்ணே, எந்த கேட்டு?
பெரிய கேட்டா, சின்ன கேட்டா?"

சின்ன கேட், என்றேன்.

வாய்க்குள் எதையோ எண்ணினான்.
சின்ன கேட்டிலிருந்து அவன் வீடு
ஒன்பதாவது கதவு.